ஊசலின் நிலை–நேர அட்டவணையிலிருந்து திசைவேகம் எடுப்பது எப்படி?

கேள்வியின் சாரம் இது: தனி ஊசலை அலையவிட்டு வீடியோ எடுத்து, ஊசல் குண்டு எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று அட்டவணை போட்டாயிற்று. இனி ஒவ்வொரு கணத்திலும் திசைவேகம் வேண்டும். நிலையை நேரத்தால் வகுத்தால், குண்டு மிக வேகமாகப் போகும் நடுப்புள்ளியில் விடை கிட்டத்தட்ட சுழியாக வருகிறது. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளின் வேறுபாட்டை எடுத்தாலோ வரைபடம் ரம்பப் பல் போல ஏறி இறங்குகிறது. எது சரி?

முதல் வழி தவறு. இரண்டாவது சரியான வழிதான், ஆனால் அரைகுறையாகச் செய்யப்பட்டிருக்கிறது.

நிலையை நேரத்தால் வகுக்கும் பழக்கம் 'வேகம் என்றால் தூரம் வகுத்தல் நேரம்' என்ற பள்ளிப்பாடத்திலிருந்து வருவது. சுழியில் புறப்பட்டு மாறாத வேகத்தில் ஓடும் வண்டிக்கு அது பொருந்தும். ஊசலுக்கு நிலை என்பது அளவுகோலின் சுழியை நீங்கள் எங்கே வைத்தீர்கள் என்பதைப் பொறுத்த எண். அளவுகோலை 50 செ.மீ. நகர்த்தி வைத்தால் அட்டவணையிலுள்ள எல்லா நிலைகளும் மாறிவிடும், குண்டின் ஓட்டத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. எனவே நிலையை அப்படியே எடுத்து வகுத்துக் கிடைக்கும் எண்ணுக்குத் திசைவேகம் என்ற பெயர் பொருந்தாது. நிலையில் ஏற்பட்ட மாற்றத்தை, அந்த மாற்றத்துக்கு ஆன நேரத்தால் வகுக்க வேண்டும்.

எண்களோடு பார்ப்போம். நீளம் 1 மீட்டர், வீச்சு (நடுப்புள்ளியிலிருந்து ஓரம் வரை) 10 செ.மீ., ஈர்ப்பு முடுக்கம் தமிழ்நாட்டுக்குப் பொருந்தும் 9.78 மீ./வினாடி² என்று வைத்துக்கொண்டால் அலைவு நேரம் (ஒரு முறை போய்த் திரும்ப ஆகும் நேரம்) 2.01 வினாடி. வலது ஓரத்தில் விட்டதிலிருந்து 0.1 வினாடிக்கு ஒரு முறை நிலையைக் கணக்கிட்டு, உங்கள் அளவுகோல் காட்டுவது போலவே மில்லிமீட்டர் வரை முழுமையாக்கினால் கிடைப்பது இது:

நேரம் (வினாடி): 0, 0.1, 0.2, 0.3, 0.4, 0.5, 0.6, 0.7
நிலை (செ.மீ.): 10.0, 9.5, 8.1, 5.9, 3.1, 0.1, −3.0, −5.8

இந்த ஊசலின் உண்மையான உச்சத் திசைவேகம் 31.3 செ.மீ./வினாடி. 0.5 வினாடியில் நிலையை நேரத்தால் வகுத்தால் 0.2 வருகிறது. நீங்கள் பார்த்த 'கிட்டத்தட்ட சுழி' இதுதான்.

இப்போது வேறுபாடு எடுப்போம். 0.1 வினாடியில் குண்டு 9.5-இல் இருக்கிறது, 0.2 வினாடியில் 8.1-இல். மாற்றம் −1.4 செ.மீ., ஆன நேரம் 0.1 வினாடி, ஆக −14 செ.மீ./வினாடி. இந்த −14-ஐ அட்டவணையில் எந்த வரிசையில் எழுதுவீர்கள்? பெரும்பாலோர் 0.1 வினாடி வரிசையில் எழுதுகிறார்கள். அந்தக் கணத்தின் உண்மையான திசைவேகம் −9.6. அதாவது கிட்டத்தட்ட பாதிப் பங்கு பிழை! 0.2 வினாடி வரிசையில் எழுதினாலும் பயனில்லை, அங்கே உண்மை −18.3. ஆனால் 0.15 வினாடியில் உண்மையான திசைவேகம் −14.1. கணக்கிட்ட எண்ணில் குற்றமே இல்லை, அதை எழுதிய இடத்தில்தான் குற்றம். இரண்டு புள்ளிகளின் வேறுபாட்டிலிருந்து வரும் திசைவேகம் அந்த இரண்டில் எதற்கும் உரியதல்ல, இரண்டுக்கும் நடுவிலுள்ள நேரத்துக்கு உரியது. இந்தச் சோதனையில் நான் பார்க்கும் தவறான வரைபடங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்தால்தான் தவறுகின்றன. மாணவர்கள் வகுத்தலைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறார்கள், நேரத்தைச் சரிபார்ப்பதில்லை.

இதிலிருந்து மீள இரண்டு வழிகள். நேரத்துக்கென இன்னொரு நெடுவரிசை போட்டு 0.05, 0.15, 0.25 என்று நடு நேரங்களை எழுதி, அவற்றுக்கு எதிரே திசைவேகத்தைக் குறிக்கலாம். அல்லது ஒவ்வொரு கணத்துக்கும் முந்தைய நிலையையும் பிந்தைய நிலையையும் எடுத்து, இரண்டுக்கும் இடைப்பட்ட முழு நேரமான 0.2 வினாடியால் வகுக்கலாம். நடு நேரம் தானாகவே நீங்கள் கேட்ட கணத்தில் வந்து அமர்ந்துவிடும். இதற்கு மைய வேறுபாடு என்று பெயர். 0.3 வினாடிக்கு 3.1-இலிருந்து 8.1-ஐக் கழித்து 0.2-ஆல் வகுத்தால் −25.0. உண்மை −25.2. இதே முறையில் 0.1, 0.2, 0.4, 0.5 வினாடிகளுக்கு −9.5, −18.0, −29.0, −30.5 கிடைக்கின்றன. எக்செல்லில் கீழ் வரிசையின் நிலையிலிருந்து மேல் வரிசையின் நிலையைக் கழித்து, அதேபோல் கழித்த நேரத்தால் வகுக்கும் சூத்திரத்தை ஒரு கட்டத்தில் எழுதி இழுத்துவிட்டால் போதும். 0.2 என்ற எண்ணை நேரடியாகத் தட்டாமல் நேர நெடுவரிசையையே கழிக்கச் சொல்வது நல்லது. இடையில் ஒரு ஃபிரேம் (வீடியோவின் ஒரு தனிப்படம்) விட்டுப்போயிருந்தாலும் வகுக்கும் நேரமாவது சரியாக இருக்கும்.

எதிர்க்குறி ஏன் என்று சிலர் கேட்பார்கள். குண்டு இடப்பக்கம் போகிறது, வலப்பக்கத்தை நேர்த்திசை என்று எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான். குறியை அழித்துவிட்டால் அது வேகம் ஆகிவிடும், திசைவேகம் அல்ல. தேர்வில் இதற்கே மதிப்பெண் போகும்.

முதல் வரிசைக்கு முந்தைய நிலை கிடையாது, கடைசி வரிசைக்குப் பிந்தையது கிடையாது. அந்த இரண்டையும் காலியாக விடுவதுதான் நேர்மை. கட்டாயம் வேண்டுமென்றால், முதல் வரிசைக்கு முதல் நிலையின் மூன்று மடங்கைக் கழித்து, இரண்டாம் நிலையின் நான்கு மடங்கைக் கூட்டி, மூன்றாம் நிலையைக் கழித்து, 0.2-ஆல் வகுக்கலாம். நம் அட்டவணையில் −30 + 38 − 8.1 என்பது −0.1, வகுத்தால் −0.5. குண்டு அசையாமல் நின்ற கணம் அது, உண்மை சுழி. வெறும் வேறுபாடு −5 என்று சொல்லியிருக்கும்.

இனி ரம்பப் பல். இதுதான் கேள்வியின் சுவையான பகுதி.

உச்சத்தில் 31.3 வர வேண்டிய இடத்தில் 30.5 வந்ததைக் கவனித்திருப்பீர்கள். அதில் பெரும்பங்கு அளவீட்டுப் பிழை அல்ல. 0.2 வினாடி நேரத்துக்குள் திசைவேகம் வளைந்து ஏறி இறங்குகிறது, நாம் அதன் சராசரியை எடுக்கிறோம், உச்சி மழுங்கிவிடுகிறது. இந்த ஊசலுக்கு 0.1 வினாடி இடைவெளியில் அந்த மழுங்கல் 1.6 சதவீதம். இடைவெளியைப் பாதியாக்கினால் மழுங்கல் நான்கில் ஒன்றாகும். அப்படியானால் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போகலாமே என்று தோன்றும். பலர் கைப்பேசியின் ஸ்லோ மோஷனை நாடுவது இதனால்தான். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

குண்டின் மையத்தைத் திரையில் சொடுக்கும்போது 1 மி.மீ. அளவுக்குத் தடுமாற்றம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தடுமாற்றம் இடைவெளியோடு சேர்ந்து சுருங்குவதில்லை. கழிக்கும்போது இரண்டு நிலைகளின் தடுமாற்றமும் சேர்ந்து ஏறத்தாழ 1.4 மி.மீ. ஆகிறது, பிறகு அதைச் சிறிய நேரத்தால் வகுக்கிறோம். 0.1 வினாடி இடைவெளியில் மைய வேறுபாடு எடுத்தால் திசைவேகத்தில் தடுமாற்றம் 0.7 செ.மீ./வினாடி. வினாடிக்கு 30 ஃபிரேம் வீடியோவில் பக்கத்துப் பக்கத்து ஃபிரேம்களை எடுத்தால் அது 2.1. வினாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோ மோஷனில் 17. அளக்க வந்த உச்சத் திசைவேகமே 31 என்னும்போது 17 தடுமாற்றத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கேமரா மேம்பட மேம்பட வரைபடம் மோசமாகும் விந்தை இப்படித்தான் நேர்கிறது.

முடுக்கம் கேட்கும் ஆசிரியர்களுக்காக ஒரு வார்த்தை. இதே 30 ஃபிரேம் அட்டவணையில் பக்கத்து ஃபிரேம்களை வைத்து வேறுபாட்டின் வேறுபாட்டை எடுத்தால் தடுமாற்றம் 220 செ.மீ./வினாடி² ஆகிறது. இந்த ஊசலின் உச்ச முடுக்கமே 98. அந்த வரைபடத்தைப் பார்த்து மாணவரைத் திட்டுவது நியாயமில்லை.

ஆகவே இடைவெளி மிகப் பெரிதானால் மழுங்கல், மிகச் சிறிதானால் தடுமாற்றம். நம் ஊசலுக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாகும் இடம் 0.1 வினாடிப் பக்கம்தான், அதாவது அலைவு நேரத்தில் இருபதில் ஒரு பங்கு. 30 ஃபிரேம் வீடியோவில் மூன்று ஃபிரேமுக்கு ஒன்று எடுத்தாலே போதும். கூடுதல் ஃபிரேம்கள் வீணா என்றால், இல்லை. அவற்றைச் சேர்த்தே பயன்படுத்த வேண்டும், தனித்தனியாக அல்ல. வேண்டிய கணத்துக்கு முன்னால் மூன்று, பின்னால் மூன்று, நடுவில் ஒன்று என ஏழு ஃபிரேம்களை எடுத்து, அந்த ஏழு புள்ளிகளுக்கும் மிகப் பொருத்தமான நேர்கோட்டின் சாய்வைக் கண்டுபிடியுங்கள். எக்செல்லில் சாய்வு காணும் சார்பு ஆயத்தமாகவே இருக்கிறது. 30 ஃபிரேம் வீடியோவில் இப்படிச் செய்தால் தடுமாற்றம் 2.1-இலிருந்து 0.6-க்கு இறங்கிவிடும், மழுங்கல் 0.4 அளவில் நிற்கும். நேர்கோட்டுக்குப் பதிலாகப் பரவளையத்தைப் பொருத்தினாலும் நடுப்புள்ளியின் சாய்வு அதேதான் வரும். சவிட்ஸ்கியும் கோலேயும் 1964-இல் வேதிப் பகுப்பாய்வுத் தரவுகளுக்காக வெளியிட்ட முறை இந்த எண்ணத்தின் விரிவுதான், இன்று பல மென்பொருள்களில் அவர்கள் பெயரிலேயே இருக்கிறது.

டிராக்கர் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டியது: அது காட்டும் திசைவேகமும் மைய வேறுபாடுதான், மந்திரம் ஏதுமில்லை. எத்தனை ஃபிரேமுக்கு ஒரு புள்ளி என்பதை அதன் அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலோர் 1 என்றே விட்டுவிட்டுப் பிறகு வரைபடம் நடுங்குகிறது என்று குறைப்படுகிறார்கள்.

கணினி இல்லாமல் வரைபடத்தாளில் செய்பவர்களுக்கு: புள்ளிகளைக் கோடுகளால் இணைக்காமல், அவற்றின் ஊடே ஒரு வழவழப்பான வளைவை வரையுங்கள். கை செய்யும் அந்த வழவழப்பாக்கலும் ஏழு ஃபிரேம் கோடும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. பிறகு வேண்டிய புள்ளியில் தொடுகோடு. கண்ணால் தொடுகோடு போடுவது நம்பகமில்லை, ஒரு சிறு சமதள ஆடி இருந்தால் எளிது. ஆடியை வளைவுக்குக் குறுக்கே செங்குத்தாக நிறுத்தி, தாளிலுள்ள வளைவும் ஆடியில் தெரியும் அதன் பிம்பமும் முறிவில்லாமல் ஒரே கோடாகத் தொடரும் வரை திருப்புங்கள். அப்போது ஆடியின் அடிவிளிம்பு அந்தப் புள்ளியின் செங்கோடு. அதற்குச் செங்குத்தாகப் போட்டால் தொடுகோடு. சாய்வுக்கான முக்கோணத்தைப் பெரிதாக வரையுங்கள், தாளின் பாதியையாவது அது பிடிக்க வேண்டும்.

இதுவரை சொன்னவை கண்ணுக்குத் தெரியும் பிழைகள். தெரியாத பிழைகள் இரண்டு உண்டு, அவை வரைபடத்தை நடுங்கவைக்காது, எண்ணை மட்டும் மாற்றிவிடும்.

முதலாவது அளவுகோல். மீட்டர் கோலைப் பின்சுவரில் சாய்த்து வைத்து, ஊசல் அதற்கு 20 செ.மீ. முன்னால் அலைகிறது, கேமரா ஊசலிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால், கோல் பத்து சதவீதம் தொலைவில் இருக்கிறது. திரையில் அந்த அளவுக்குச் சிறிதாகத் தெரியும். அதை வைத்து அளந்த எல்லா நிலைகளும் பத்து சதவீதம் பெரிதாகும், திசைவேகமும் 34-க்கு மேல் வரும். 'ஆற்றல் மாறாக் கோட்பாட்டை வைத்துச் சரிபார்த்தேன், பொருந்துகிறது' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சிறு கோண ஊசலில் உச்சத் திசைவேகம் வீச்சுக்கு நேர்விகிதம். கோல் தவறினால் வீச்சும் பத்து சதவீதம் கூடும், திசைவேகமும் பத்து சதவீதம் கூடும், சமன்பாட்டின் இரண்டு பக்கமும் ஒன்றாகவே உயர்ந்து அமைதியாகப் பொருந்திவிடும். ஆகவே கோலைக் குண்டு அலையும் தளத்திலேயே வையுங்கள், அல்லது வீச்சைத் தனியே அளவுகோலால் நேரில் அளந்து வீடியோ சொல்லும் வீச்சோடு ஒப்பிடுங்கள். வரைபடத்தைப் பார்த்து இது பிடிபடாது.

இரண்டாவது கடிகாரம். ஸ்லோ மோஷனில் 240 ஃபிரேமில் எடுத்த படத்தைச் சில கைப்பேசிகள் 30 ஃபிரேம் படமாகவே சேமித்துவிடும். மென்பொருளுக்கு அது தெரியாது. காலம் எட்டு மடங்கு நீண்டு, உச்சத் திசைவேகம் 4 செ.மீ./வினாடிக்குக் கீழே போய்விடும். வெளிச்சம் குறைந்த அறையில் ஃபிரேம்களுக்கு இடையிலான நேரமே சீராக இல்லாமல் போவதும் உண்டு. இதைப் பிடிப்பது எளிது: நிறுத்துகடிகாரத்தில் 20 அலைவுகளை எண்ணுங்கள். நம் ஊசலுக்கு 40.2 வினாடி வர வேண்டும். வீடியோ சொல்லும் அலைவு நேரம் அதோடு ஒத்துப்போகாவிட்டால் திசைவேகம் கணக்கிட உட்காருவதே வீண்.

வெளிச்சத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஃபிரேமுக்குக் கேமரா முப்பதில் ஒரு வினாடி முழுவதும் திறந்திருந்தால், நடுப்புள்ளியில் குண்டு அதற்குள் 1 செ.மீ. நகர்ந்துவிடும். படத்தில் உருண்டைக்குப் பதில் ஒரு கீற்று. எந்த இடத்தில் திசைவேகம் அதிகமோ அங்கேதான் நிலை மங்கலாகிறது. கீற்றின் முன்முனையை ஒரு ஃபிரேமிலும் பின்முனையை இன்னொன்றிலும் சொடுக்கினால் ரம்பப் பல் இன்னும் கூர்மையாகும், எப்போதும் நடுவையே சொடுக்குங்கள். வெயிலில் எடுத்தால் கேமரா தானாகவே திறக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளும், இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும்.

ஒளித்தடுப்புக் கருவி (ஒளிக்கற்றை மறைக்கப்படும் நேரத்தை அளப்பது) இருக்கும் ஆய்வகங்களில் நடுப்புள்ளியின் திசைவேகம் மட்டும் போதுமென்றால் குண்டின் விட்டத்தை, ஒளிக்கற்றை மறைந்திருந்த நேரத்தால் வகுத்தாலே முடிந்தது. 2 செ.மீ. குண்டு 0.064 வினாடி மறைக்கும். கற்றை குண்டின் மையத்தில் படுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 3 மி.மீ. மேலேயோ கீழேயோ பட்டால் மறைக்கும் பகுதி விட்டம் அல்ல, அதைவிடச் சிறிய நாண். நேரம் குறையும், விடை ஏறத்தாழ 5 சதவீதம் கூடுதலாக வரும்.

பெரிய கோணத்தில் அலையவிட்டவர்கள் கிடைமட்ட நிலையை மட்டும் வைத்துக் கணக்கிடக் கூடாது. 20 பாகைச் சாய்வில் குண்டு சாய்வாக நகர்வதால் அதன் கிடைமட்டத் திசைவேகம் உண்மை வேகத்தைவிட 6 சதவீதம் குறைவு. நிலையை ஊசலின் நீளத்தால் வகுத்து, வரும் எண்ணைச் சைன் மதிப்பாகக் கொண்ட கோணத்தை ரேடியனில் கண்டு, கோணத்துக்கு மைய வேறுபாடு எடுத்து, பிறகு நீளத்தால் பெருக்குங்கள். நீளம் என்பது தொங்கவிட்ட புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை, நூலின் நுனி வரை அல்ல. நம் 10 செ.மீ. வீச்சு 6 பாகைக்கும் குறைவு, அதற்கு இந்தக் கவலை வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் விடையைச் சோதிக்க எனக்குப் பிடித்த வரைபடம் ஒன்று உண்டு. திசைவேகத்தின் இருமடியை நிலையின் இருமடிக்கு எதிராக வரையுங்கள் (நிலையைச் சமநிலைப் புள்ளியிலிருந்து அளந்திருக்க வேண்டும்). நேர்கோடு வர வேண்டும், கீழ்நோக்கிச் சாய்ந்து. நம் அட்டவணையின் ஐந்து புள்ளிகளும் அழகாகவே ஒரு கோட்டில் விழுகின்றன, சாய்வு −9.3. குறியை நீக்கி ஊசலின் நீளமான 1 மீட்டரால் பெருக்கினால் ஈர்ப்பு முடுக்கம் கிடைக்க வேண்டும். 9.78-க்குப் பதில் 9.3 வந்திருக்கிறது. மழுங்கல் திசைவேகத்தில் 1.6 சதவீதம் என்றால் இருமடியில் 3.2 சதவீதம், அதைத் திருத்தினால் 9.6. மீதி வித்தியாசம் மில்லிமீட்டர் வரை முழுமையாக்கியதால் வந்தது. நேரத்தை அரை இடைவெளி தள்ளி எழுதியிருந்தால் இந்தக் கோடு நேராகவே வராது. குண்டு இடப்பக்கம் போகும் அரை அலைவில் மையத்தின் இருபுறப் புள்ளிகளும் இரண்டு வெவ்வேறு கோடுகளாகப் பிரிந்து நிற்கும், தவறு உடனே தெரிந்துவிடும். அளவுகோல் பிழையை மட்டும் இதுவும் காட்டிக்கொடுக்காது. நீளத்தின் இருமடி இருபுறமும் அடிபட்டுவிடுவதால் சாய்வு நேரத்தை மட்டுமே பொறுத்தது.

முழு அட்டவணைக்கும் ஒரே சைன் வளைவைப் பொருத்தி, அதன் வகைக்கெழுவை எடுத்தால் என்ன என்று கேட்கலாம். தடுமாற்றத்தைப் பொறுத்தவரை அதுதான் ஆகச் சிறந்த வழி, எல்லாப் புள்ளிகளும் ஒவ்வொரு விடைக்கும் உதவுகின்றன. ஆனால் சோதனையின் நோக்கமே ஊசலின் இயக்கம் தனிச் சீரிசை இயக்கம்தானா, அதாவது நிலை நேரத்தோடு சைன் வளைவாக மாறுகிறதா என்று பார்ப்பதானால் அதைச் செய்யக் கூடாது. சைன் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பிறகு சைன் வந்தது என்று மகிழ்வதில் பொருளில்லை. நோக்கம் உச்சத் திசைவேகம் மட்டும்தான் என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

வீடியோவே எடுக்காமல், நிறுத்துகடிகாரமும் அளவுகோலும் மட்டும் வைத்துச் செய்யும் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு நிலை–நேர அட்டவணை கிடைக்காது. ஆனாலும் நடுப்புள்ளியின் திசைவேகத்தை எடுத்துவிடலாம்: வீச்சை 6.283-ஆல் (2π) பெருக்கி அலைவு நேரத்தால் வகுங்கள். 10 செ.மீ.-க்கும் 2.01 வினாடிக்கும் 31.3 செ.மீ./வினாடி வரும். 20 அலைவுகளுக்குள் காற்றின் தடையால் வீச்சு சற்றே சுருங்கியிருக்கும், அதனால் வீச்சைத் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து, எந்த அலைவின் திசைவேகத்தைச் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.